சினை மாறினால் முதல் மாறுமா?

சைக்கிளின் ஆசனத்தையும் சட்டத்தையும் இணைக்கும் குழாய்க்குச் சீட் போஸ்ட் என்று பெயர். அதன் கீழ்ப்பாதி சட்டத்தின் செங்குத்துக் குழாய்க்குள் இறங்கியிருக்கும். மேல்முனையில் உள்ள பிடி, ஆசனத்தின் அடியில் ஓடும் இரண்டு கம்பிகளையும் கவ்வியிருக்கும். உட்கார்ந்து மிதிப்பவரின் எடையில் பெரும்பங்கு இதன் தலையில்தான் விழுகிறது. சமதரையில் ஓடும் வண்டியில் இதைப் பல வருடங்களுக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மலைப்பாதையில் நிலைமை வேறு. மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக றிவர்ஸ்டனுக்கு ஏறும் வீதியிலும், தேயிலைத் தோட்டங்களுக்குள் பிரியும் கல்பாதைகளிலும் ஓடும் மலைச் சைக்கிளில், ஒவ்வொரு பள்ளமும் அந்தக் குழாயை ஒரு தடவை வளைத்து நிமிர்த்துகிறது. ஒருநாள் அது வளைந்தபடியே நின்றுவிடும், அல்லது கழுத்தோடு முறியும்.

அப்போது புதிய ஒன்று தேவைப்படுகிறது. நின்று உழைக்க வேண்டும், விலையும் கைக்கு எட்ட வேண்டும். இந்தச் சிறிய கொள்முதலுக்குள் மெய்யியலின் பழைய கேள்விகள் இரண்டு இருக்கின்றன. பாகம் மாறிய பிறகும் வண்டி பழைய வண்டிதானா என்பது முதற்கேள்வி. எதுவுமே நிலைக்காத இடத்தில் 'நின்று உழைப்பது' என்று எதைச் சொல்வது, எவ்வளவு கொடுத்தால் போதும் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை தேடிய மரபுகள் மாத்தளை மாவட்டத்தில் ஒரே நெடுஞ்சாலையோரம் அடுத்தடுத்து இருக்கின்றன. நகரில் முத்துமாரியம்மன் கோயிலும், அதற்குச் சற்று வடக்கே அலுவிகாரையும், மேலும் வடக்கே தம்புள்ளைக்குப் போகும் வழியில் நாலந்தா கெடிகேயும் உள்ளன.

அளவும் பொருத்தமும்

கழற்றியெடுத்த சீட் போஸ்ட்டைத் துணியால் துடைத்தால், குழாய்க்குள் மறைந்திருந்த பகுதியில் இரண்டு குறிகள் தெரியும். ஒன்று ஓர் எண்: 27.2 அல்லது 30.9 அல்லது 31.6. அது விட்டம், மில்லிமீற்றரில். மற்றது குறுக்கே போகும் கோடு. அந்தக் கோடு எப்போதும் சட்டத்துக்குள் மறைந்தே இருக்க வேண்டும். கோடு வெளியே தெரியும் அளவுக்கு ஆசனத்தை உயர்த்தினால், உள்ளே மிஞ்சும் பிடிப்பு போதாமல் போஸ்ட் முறியும், அல்லது சட்டத்தின் குழாய் வெடிக்கும். போஸ்ட்டை மாற்றிவிடலாம், சட்டம் வெடித்தால் வண்டியே போயிற்று.

எண் அழிந்துபோயிருந்தால் அளந்து பார்க்க வேண்டும். சாதாரண அடிமட்டம் இதற்கு உதவாது. பாடசாலை விஞ்ஞானகூடத்தில் பார்த்த வேணியர் இடுக்கிமானிதான் வேண்டும். அதன் தாடைகளுக்கிடையில் குழாயை வைத்து, உராய்ந்து தேய்ந்த இடத்தைத் தவிர்த்து, இரண்டு மூன்று இடங்களில் வாசிக்க வேண்டும். 27.0 என்றும் 27.2 என்றும் 27.4 என்றும் தனித்தனி அளவுகள் உண்டு. ஒரு மில்லிமீற்றரின் ஐந்தில் ஒரு பங்கைக் கண் பிடிக்காது. ஆனால் சற்றுச் சிறியதைப் போட்டால் அது மிதிக்க மிதிக்கக் கீழே வழுக்கும், சற்றுப் பெரியதை அடித்து இறக்கினால் சட்டம் கெடும். போஸ்ட் சிறியதாகவும் சட்டம் பெரியதாகவும் இருந்தால் இடையில் ஒரு மெல்லிய உறை கொடுத்துச் சமாளிக்கலாம். பெரியதைச் சிறியதாக்க வழி இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைச்சுவரில் தொங்கும் போஸ்ட்டைத் தனியே பார்த்து நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது. விலை உயர்ந்ததாக, மிக உறுதியானதாக இருக்கலாம், 31.6 அளவுள்ள சட்டத்துக்கு 30.9 அளவுள்ள போஸ்ட் அப்படியே பொருந்தாது. பாகத்தின் தகுதியை அது சேரப்போகும் முழுமைதான் தீர்மானிக்கிறது. அந்த முழுமை என்ன என்பதில்தான் அறிஞர்கள் பிரிந்தார்கள்.

முதலும் சினையும்

தமிழ் இலக்கணம் முழுப்பொருளை முதல் என்றும் அதன் உறுப்பைச் சினை என்றும் சொல்லும். மரம் முதல், கிளை சினை. வெற்றிலை நட்டான் என்றால் நட்டது இலையை அன்று, கொடியை. சினையின் பெயர் முதலுக்கு ஆகிவந்தது என்று மாணவர்கள் படிக்கிறார்கள். சினையின் பெயரால் முதலைச் சுட்ட முடிகிறது என்றால், இரண்டுக்கும் இடையே நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது. அது எத்தகைய உறவு என்பதை இலக்கணம் தர்க்கத்துக்கு விட்டுவிடுகிறது.

நியாய, வைசேடிக மரபுகளின் விடை தெளிவானது. அவயவங்கள் வேறு, அவற்றில் தங்கியிருக்கும் அவயவி என்ற முழுமை வேறு. முழுமை வெறும் குவியல் அன்று, மெய்யாகவே உள்ள தனிப்பொருள். இதற்கு நியாய சூத்திரம் தரும் காரணங்களில் ஒன்று, பிடித்தலும் இழுத்தலும் கூடுகின்றன என்பது. ஒரு பொருளின் ஒரு பகுதியைப் பிடித்து இழுத்தால் முழுதும் வருகிறது. மணற்குவியலில் ஒரு பிடி அள்ளினால் அந்தப் பிடி மட்டும்தான் வரும். ஆசனத்தைப் பிடித்துத் தூக்கினால் சக்கரங்கள் உட்பட முழு வண்டியும் எழுகிறது. போஸ்ட்டின் பிடி தளர்ந்துவிட்டாலோ ஆசனம் மட்டும் கையோடு வரும். முழுமை என்ற ஒன்று அங்கே குலைந்துவிட்டது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆனால் இந்த விடைக்கு ஒரு விலை உண்டு. முழுமை தன் உறுப்புகளில் தங்கியிருக்கிறது என்றால், ஓர் உறுப்பு நீங்கியதும் பழைய முழுமை அழிய வேண்டும். புதிய உறுப்பு சேர்ந்ததும் புதிய முழுமை ஒன்று தோன்ற வேண்டும். வைசேடிகர் இதை ஒப்புக்கொண்டார்கள். ஓரம் கிழிந்த துணி அவர்களுக்குப் புதியதொரு துணி. அதே துணி என்று நாம் அடையாளம் காண்பது ஒப்புமையால் வருகிறது என்பது அவர்கள் முடிவு. அப்படியானால் போஸ்ட் மாற்றிய மாலையில் வீட்டுக்கு வருவது காலையில் போன வண்டி அன்று. தர்க்கத்தில் இதற்குக் குறை காண்பது கடினம், நடைமுறையில் ஏற்பது அதைவிடக் கடினம்.

நாகசேனர் கழற்றிய தேர்

பௌத்தம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. சாகல நகரை ஆண்ட கிரேக்க அரசன் மிலிந்தனுக்கும் நாகசேன தேரருக்கும் நடந்த உரையாடலாகப் பாளி மொழியில் அமைந்த நூல் மிலிந்தபஞ்ஹ. கண்டியை ஆண்ட கீர்த்திசிறி இராஜசிங்கன் காலத்தில், 18 ஆம் நூற்றாண்டில், ஹீனட்டிகும்புரே சுமங்கல தேரர் இதைச் சிங்களத்தில் தந்தார். நாகசேனர் என்று அழைக்கப்படுபவர் யார் என்று அரசன் கேட்கிறான். தேரர் பதிலுக்கு, அரசன் நடந்து வந்தானா, வாகனத்தில் வந்தானா என்று விசாரிக்கிறார். தேரில் வந்ததாக அரசன் சொல்கிறான். ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம், தட்டு, கொடிக்கம்பம், நுகம், கடிவாளக் கயிறு, தாற்றுக்கோல் இவற்றில் எது தேர் என்று தேரர் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எதுவும் இல்லை என்பதே விடை. எல்லாம் சேர்ந்தது தேரா, இவற்றுக்குப் புறம்பாக ஒரு தேர் உண்டா என்றால் அதுவும் இல்லை. உறுப்புகளைச் சார்ந்து 'தேர்' என்ற பெயர் வழங்குகிறது, அவ்வளவுதான். மனிதரும் அப்படியே. இந்தத் தேர் உவமை நாகசேனருக்கும் முன்பே சம்யுத்த நிகாயத்தில் வஜிரா என்ற பிக்குணியின் வாக்காக வருகிறது.

இதை 'எதுவும் இல்லை' என்ற வாதமாகப் படிப்பது தவறு. அதே நூலில் விளக்குச் சுடர் உவமை ஒன்று உண்டு. இரவின் முதல் யாமத்தில் எரிந்த சுடரும் கடை யாமத்தில் எரியும் சுடரும் ஒன்றா? ஒன்றென்றால் எண்ணெயும் திரியும் மாறிக்கொண்டே இருந்தன. வேறென்றால் இரவெல்லாம் எரிந்தது ஒரே விளக்கு. அதுவும் அன்று, வேறும் அன்று என்று சொல்லவேண்டியிருக்கிறது. ஒன்றைப் பற்றி ஒன்று எழும் தொடர்தான் அங்கே நடக்கிறது.

தமிழில் இதற்கு நல்ல கலைச்சொற்கள் உண்டு. சாத்தனாரின் மணிமேகலை பௌத்த தத்துவத்தை விளக்கும் இடத்தில், நாம் பெயர் சொல்லி வழங்கும் முறைகளைப் பிரிக்கிறது. உடம்பு, நாடு போன்ற சொற்கள் தொகை. பலவற்றின் கூட்டத்துக்கு ஒரு பெயர். வித்து, முளை, தாள் என்று மாறிவருவதை எல்லாம் நெல் என்றே சொல்வது தொடர்ச்சி. சைக்கிள் என்ற சொல்லுக்கு இரண்டும் பொருந்தும். சட்டம், சக்கரம், சங்கிலி, போஸ்ட் சேர்ந்த கூட்டத்தைச் சைக்கிள் என்பது தொகை. முன்சக்கரமும் சங்கிலியும் போஸ்ட்டும் வேறு வேறு வருடங்களில் மாறிய பிறகும் அதையே சைக்கிள் என்பது தொடர்ச்சி. வைசேடிகர் சங்கடப்பட்ட இடத்தை மணிமேகலை இந்த ஒரு சொல்லால் கடந்துவிடுகிறது.

ஊர் வழக்கும் இதற்கு ஒத்துவருகிறது. சைக்கிள் வாங்கும்போது எழுதிவைப்பது சட்டத்தில் பொறித்த இலக்கத்தை. திருட்டுப்போனால் பொலிசில் சொல்வதும் அதைத்தான். எத்தனை பாகம் மாறினாலும் சட்ட இலக்கம் இருக்கும்வரை வண்டி அதே வண்டி. இது இயற்கை விதித்த எல்லை அன்று, மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு. உடன்பாடு என்பதால் பொய்யாகிவிடாது. பெயரால் வழங்கும் உண்மை வழக்கில் உண்மையே என்பதுதான் பௌத்தரின் நிலைப்பாடும்.

இடம் பெயர்ந்த கற்கள்

கிரேக்கர் இதே கேள்வியைக் கப்பலில் வைத்துக் கேட்டார்கள். தீசியஸ் என்ற வீரனின் முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பேணி வந்தார்கள் என்றும், உக்கிய பலகைகளை நீக்கிப் புதியன பொருத்தினார்கள் என்றும், அது பழைய கப்பலா புதியதா என்பது தத்துவவாதிகளின் தீராத விவாதமானது என்றும் புளூட்டார்க் எழுதினார். 17 ஆம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் ஒரு சிக்கலைக் கூட்டினார். நீக்கிய பழைய பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து, அதே ஒழுங்கில் இன்னொரு கப்பலைக் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்?

ஹொப்ஸ் கற்பனையாகக் கேட்டதில் பாதி மாத்தளை மாவட்டத்தில் உண்மையாகவே நடந்திருக்கிறது. நாலந்தா கெடிகே 8 ஆம் நூற்றாண்டுக்கும் 10 ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாகக் கருதப்படும் கற்றளி. பல்லவர் பாணியை நினைவூட்டும் திராவிடக் கட்டடக்கலையும் பௌத்த வழிபாடும் அதில் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. மகாவலித் திட்டத்தின் கீழ் எழுந்த போவத்தன்ன நீர்த்தேக்கம் அது நின்ற வயலை மூழ்கடிக்கவிருந்தது. எனவே 1970களில் அதைக் கல் கல்லாகப் பிரித்து, நீர்மட்டத்துக்கு மேலே அமைத்த இடத்தில் 1980 அளவில் மறுபடி அடுக்கினார்கள். கற்கள் அவையே, ஒழுங்கும் அதுவே. நின்ற நிலம் மட்டும் நீருக்கடியில் போயிற்று. பிரித்த நாளுக்கும் சேர்த்த நாளுக்கும் இடையில் கெடிகே எங்கே இருந்தது? கற்குவியலாக இருந்தது என்றால், நியாய மரபின்படி முழுமை அழிந்து, பின் புதியதொன்று பிறந்தது. தொடர்ச்சி என்றால், அந்த இடைவெளியில் தொடர்ச்சியைத் தாங்கியது கல் அன்று. எந்தக் கல் எங்கே சேரும் என்ற ஒழுங்கும், மறுபடி கட்டுவோம் என்ற முடிவுமே தாங்கின.

பழுதுபார்க்கும் மேசையில் பிரித்துப்போட்ட சைக்கிளும் அப்படித்தான். போல்ட்டுகள் ஒரு சிரட்டையில், ஆசனம் ஒரு மூலையில், சட்டம் சுவரில் சாய்ந்தபடி கிடக்கும். பார்ப்பவருக்கு உதிரிகள், சேர்க்கத் தெரிந்தவருக்கு வண்டி.

ஏடு உக்கும், பாடம் நிற்கும்

அலுவிகாரை இதே கேள்வியை இன்னும் ஆழமாகக் காட்டுகிறது. வட்டகாமணி அபயன் என்ற வலகம்பா மன்னன் காலத்தில், கி.மு. முதல் நூற்றாண்டில், அதுவரை வாய்மொழியாக வந்த திரிபிடகத்தைத் தேரர்கள் ஏட்டில் எழுதினார்கள் என்று தீபவம்சமும் மகாவம்சமும் சொல்கின்றன. எழுதிய இடம் இந்தக் குகை விகாரையே என்பது இலங்கையின் மரபு. பஞ்சமும் படையெடுப்பும் நாட்டை வருத்திய காலம் அது. மனப்பாடம் செய்த பிக்குகள் இறந்துபோனால் பாடமும் அவர்களோடு போய்விடும் என்ற அச்சம் எழுத்தாணியைக் கையில் எடுக்கவைத்தது.

எழுதிய முறையை இன்றும் அங்கே செய்துகாட்டுகிறார்கள். தாளிப்பனையின் இளம் ஓலையை அவித்து, உலர்த்தி, வழவழப்பாக்கி, இரும்பு எழுத்தாணியால் கீறுவார்கள். கீறியதும் எதுவும் தெரியாது. வெறும் ஓலையில் நகம் பட்டதுபோல் இருக்கும். பிசின் எண்ணெயில் குழைத்த கரியை மேலே தேய்த்துத் துடைத்ததும், கீறலுக்குள் கரி தங்கி எழுத்துக் கறுப்பாக எழும். எண்ணெய் ஓலையைப் பூச்சியிலிருந்தும் ஓரளவு காக்கும்.

ஓரளவுதான். ஈரமான நாட்டில் ஓலை சில நூற்றாண்டுகளில் உக்கிவிடும். அதற்கு முன் யாராவது புதிய ஓலையில் படியெடுக்க வேண்டும். வலகம்பா காலத்து ஓலை ஒன்றுகூட இன்று இல்லை. 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது அலுவிகாரையின் ஏட்டுச் சுவடிச்சாலையும் அழிந்தது. ஆனால் திரிபிடகம் அழியவில்லை. படியின் படியின் படி வேறு விகாரைகளில் இருந்தது. ஒவ்வொரு படியும் அடுத்ததை எழுதும் வரை நின்றால் போதும், பாடம் நின்றுவிடும். முதல் ஓலையைப் பொன்தகட்டில் அடித்துப் பூட்டிவைத்திருந்தால் இவ்வளவு காலம் வந்திருக்குமா என்பது சந்தேகம். பொன்னை உருக்க ஆட்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். விலை குறைந்த, எங்கும் கிடைக்கும், மறுபடி செய்யத்தக்க ஓலைதான் பாடத்தைக் காத்தது.

நீடிப்புப் பற்றிய வழக்கமான எண்ணம் இங்கே திரும்பிவிடுகிறது. உடையவே உடையாத பாகத்தைத் தேடுவது ஒரு வழி. உடைந்தால் மாற்றத்தக்க பாகத்தை வைத்து முழுமையைப் பேணுவது இன்னொரு வழி. அலுவிகாரை தேர்ந்தது இரண்டாவதை.

குடத்தில் இருந்த கோயில்

சைவ ஆகம மரபும் மாற்றத்துக்கு இடம் வைத்தே கோயில் கட்டுகிறது. பன்னிரண்டு வருடங்களுக்கு ஒரு தடவை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நடத்துவது வழக்கம். வேலை தொடங்கும் முன் பாலஸ்தாபனம் செய்கிறார்கள். மூலமூர்த்தியின் சக்தியைக் கலாகர்ஷணம் என்ற கிரியையால் கும்பநீருக்கு மாற்றி, சிறிய தற்காலிக இடத்தில் வைத்து வழிபடுவார்கள். அதன்பின்தான் உளியும் சாந்தும் உள்ளே போகும். வெடித்த கல்லை மாற்றலாம், சாயம் போன சுதையைப் புதுக்கலாம். பின்னமான விக்கிரகத்தையே நீரில் விட்டுவிட்டு வேறு செய்யலாம். எல்லாம் முடிந்ததும் கும்பநீரை ஊற்றுகிறார்கள், சக்தி திரும்புகிறது. நாலந்தாவின் கற்கள் பிரிந்துகிடந்த இடைவெளியைப் பற்றி எழுந்த கேள்விக்கு ஆகமத்தின் விடை, ஒரு குடம் தண்ணீர்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் நிலம் 1852 இல் வயலுடைமையாளர் ஒருவர் கொடுத்தது. 1874 இல் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் பொருளுதவியோடு கோயில் எழுந்தது. தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளைக் காடு வழியாகத் தோட்டங்களுக்கு நடந்து வந்தவர்களுக்கு, மாத்தளைதான் மலைநாட்டின் வாசல். காய்ச்சலிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் பலர். உயிரோடு வந்துசேர்ந்தவர்கள் கும்பிட்ட தெய்வம் மாரியம்மன். 1983 வன்செயலில் அந்தக் கோயிலும் சேதமாக்கப்பட்டது. அது மீண்டும் எழுந்தது. இன்று 108 அடி உயர இராஜகோபுரமும் மாசித் திருவிழாவில் வீதிவரும் ஐந்து தேர்களும் அதன் அடையாளம். 1874 இன் கோயிலா இன்றைய கோயில் என்று கேட்டால், தேர்வடம் பிடிக்க வரும் தோட்டத்து மக்களுக்குக் கேள்வியே புரியாது. அவர்களுக்கு அது பாட்டன் கும்பிட்ட அதே அம்மன்.

நின்று உழைப்பது எது

இனி இரண்டாவது கேள்வி. அலுமினியமும் உருக்கும் உடையும் விதம் ஒன்றல்ல. உருக்கில் ஓர் எல்லைக்குக் குறைந்த அழுத்தம் எத்தனை தடவை வந்து போனாலும் களைப்பு ஏறாது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சிறிய வளைவும் கணக்கில் சேரும். போதிய தடவை வந்தால் கீறல் தொடங்கும். சட்டத்திலிருந்து போஸ்ட் வெளியே வரும் இடத்தில் வளைவு அதிகம், கீறலும் பெரும்பாலும் அங்கேதான். ஒவ்வொரு செயலும் தடம் விட்டு, காலம் வந்தபோது பலன் தரும் என்ற வினைக்கொள்கையை அறிந்தவர்களுக்கு அலுமினியத்தின் குணம் புதிதாகத் தோன்றாது. ஆகவே மலைவண்டிக்கு அலுமினியம் கூடாது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. தடிப்பான சுவரோடு செய்த அலுமினியப் போஸ்ட்டில் ஒவ்வொரு குலுக்கத்தின் அழுத்தமும் குறைவு, ஆயுள் அதற்கேற்ப நீளும். மெல்லிய சுவர்தான் சீக்கிரம் போகும். உருக்கு துருப்பிடிக்கும், எடையும் கூட. ஆனால் முறிவதற்கு முன் வளைந்து எச்சரிக்கும். காபன் நார்ப் போஸ்ட் இலகுவானது, விலை உயர்ந்தது. கீறல் பட்டால் அதன் உள்ளே என்ன நடந்தது என்று கண்ணால் அறிய முடியாது. பழைய கடையில் வரலாறு தெரியாமல் வாங்கக்கூடாத பொருள் அது. பொத்தானை அழுத்தினால் ஆசனத்தை இறக்கும் போஸ்ட்டும் உண்டு. இறக்கத்தில் வசதிதான், ஆனால் உள்ளே கேபிளும் அடைப்பு வளையங்களும் இருப்பதால் விலையும் பராமரிப்பும் பல மடங்கு.

அமெரிக்கச் சைக்கிள் வடிவமைப்பாளர் கீத் பொண்ட்ரேகர் சொன்னதாக ஒரு வழக்கு உண்டு. உறுதி, இலேசு, மலிவு ஆகிய மூன்றில் இரண்டைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். தத்துவ மாணவர் இதைத் துறவு பற்றிய பாடமாகவே படிக்கலாம். எதை விடுவது என்று தீர்மானித்த பிறகே எதைப் பெறுவது என்பது தெளிவாகிறது. போட்டியில் ஓடாதவர் விடவேண்டியது இலேசை. நூறு இருநூறு கிராம் கூடுவதால் றிவர்ஸ்டன் ஏற்றம் நீண்டுவிடாது.

மலிவு என்பதையும் அளந்து பார்க்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது இலங்கையில் சைக்கிளும் உதிரிப்பாகமும் எட்டாத விலைக்கு ஏறின. விலை என்பது பொருளோடு பிறந்த குணம் அன்று என்பதை அந்த வருடம் எல்லோருக்கும் காட்டியது. இல்லறத்தாருக்குப் புத்தர் சொன்ன சிகாலோவாத சூத்திரத்தில் வருமானத்தை நான்காகப் பிரிக்கும் ஒரு முறை வருகிறது. ஒரு பங்கு வாழ்வுக்கு, இரண்டு தொழிலுக்கு, நான்காவது ஆபத்துக்கு. முறிந்த போஸ்ட் அந்த நான்காவது பங்கின் செலவு. அதிலிருந்து எடுக்க முடியாத விலையுள்ளது எவ்வளவு உறுதியாக இருந்தாலும் கட்டுப்படியாகாது. வருடத்துக்கு ஒன்று முறிகிற மலிவுப் போஸ்ட்டும் கட்டுப்படியாகாது. அதன் உண்மை விலையில் விழுந்த காயமும் சேரும்.

விநய பிடகத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. உதேன மன்னனின் அரண்மனைப் பெண்கள் ஆனந்த தேரருக்கு ஐந்நூறு சீவரங்களைக் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவும் எதற்கு என்று மன்னன் கேட்கிறான். கிழிந்த சீவரம் உள்ள பிக்குகளுக்குப் பகிர்ந்து கொடுப்போம் என்கிறார் தேரர். கிழிந்தவை விரிப்பாகும், பழைய விரிப்பு மெத்தை உறையாகும், பழைய உறை தரைவிரிப்பாகும், அது கால்துடைப்பானாகும், அது தூசுத்துணியாகும், தூசுத்துணியைச் சேற்றோடு குழைத்து நிலத்தில் பூசுவோம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். மன்னன் மகிழ்ந்து இன்னும் ஐந்நூறு கொடுத்தான். முறிந்த போஸ்ட்டுக்கும் இந்த வரிசை உண்டு. முறியாத கீழ்த்துண்டு சிறிய கைக்கருவி ஒன்றுக்குப் பிடியாகலாம், தலைப்பிடியின் போல்ட்டுகள் வேறு வண்டிக்கு ஆகும், மிச்சம் பழைய இரும்புக்காரரின் தராசுக்கு. திரும்பவும் வண்டியில் ஏற்றுவது மட்டும் கூடாது. ஒட்டுப்போட்ட அலுமினியம், பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி முறியும்.

முடிவு

சினை மாறுவதால் முதல் அழிவதில்லை. மாற்றாமல் விட்டால்தான் அழிகிறது. நாலந்தாவின் கல்லும் அலுவிகாரையின் ஓலையும் முத்துமாரியம்மன் கோயிலின் சுதையும் இதற்குச் சாட்சி. வண்டியின் தொடர்ச்சி அதன் எந்த ஒரு பாகத்திலும் இல்லை. பாகம் கெடும்போது சரியான அளவில் வேறொன்றைக் கொண்டுவந்து பொருத்தும் கையில் இருக்கிறது. அந்தக் கைக்கு வேண்டியது மிக விலையுயர்ந்த பொருள் அன்று, பொருந்துகிற பொருள். ஒரே வாங்கலில் என்றைக்குமாக முடிந்துவிட வேண்டும் என்ற ஆசை, பிக்குவின் சீவரத்துக்கும் பொருந்தாது, சைக்கிளின் போஸ்ட்டுக்கும் பொருந்தாது.

எனவே மாத்தளை மலைகளில் ஓடும் வண்டிக்குத் தேர்வு எளிது. பழையதில் பொறித்த அதே விட்டம் வேண்டும். தலையும் குழாயும் ஒரே துண்டாக அடித்துச் செய்த, சுவர் தடித்த அலுமினியப் போஸ்ட் நல்லது. தலையைத் தனியாகச் செருகி ஒட்டியது நாளடைவில் கிறீச்சிடும், பின் தளரும். ஒற்றைப் போல்ட்டுப் பிடியின் பற்கள் தேய்ந்தால் ஆசனம் சரியும், ஆகவே ஆசனத்தை முன்னும் பின்னுமாக இரண்டு போல்ட்டுகள் பிடிக்கும் தலையே மேல். ஆசனம் தேவையான உயரத்துக்கு வந்த பிறகும் எல்லைக்கோடு சட்டத்துக்குள் மறையும் நீளம் வேண்டும். உயரமானவருக்கு 400 மில்லிமீற்றர் தேவைப்படலாம். உலோகச் சட்டத்துக்குள் இறக்கும் முன் அலுமினியப் போஸ்ட்டுக்கு மெல்லிய கிறீஸ் பூச்சு அவசியம். உருக்குச் சட்டத்துக்குள் அலுமினியம் ஈரத்தில் அரித்து இறுகிவிட்டால், பின்பு எந்தச் சாவியாலும் கழற்ற முடியாது. முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு போல்ட்டுகளை ஒரு தடவை இறுக்கிப் பார்க்க வேண்டும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்ததும் வருடத்துக்கு ஒரு தடவை போஸ்ட்டைக் கழற்றித் துடைத்து, கழுத்தில் கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, புதிய கிறீஸோடு திரும்ப இறக்க வேண்டும்.